வீடு தேடி வரும் மருத்துவத்தில் மனதுக்கும் இரண்டு கேள்விகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் நலம் பற்றி நாளிதழ்களில் நிறைய எழுதப்படுகிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுத் தேய்மானம், கண்புரை எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. எழுபது வயதில் வரும் மனச்சோர்வுக்கும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு, அதனால் குணம் தெரியும் என்ற செய்திதான் வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. முதியோர் மனநலத் துறையில் வேலை பார்க்கிறவர்கள் என்ற முறையில் அந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதையும், தமிழ்நாடு அரசு அதற்காக உடனே செய்யக்கூடிய ஒன்றையும் எழுதுகிறோம்.

2017-18இல் நாடு முழுக்க முதுமை பற்றி நடந்த ‘லாசி’ ஆய்வின்படி, 60 வயது கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருக்கக்கூடும். ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் முதியோர் 10.4 சதவீதம், இன்று அதைவிடக் கூடுதல். இவர்களில் பெரும்பாலோர் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவதில்லை. உடம்பெல்லாம் எரியுது, கைகால் குடையுது, நெஞ்சு படபடங்குது, வாயில எதுவுமே ருசிக்கல என்றுதான் சொல்வார்கள். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார்கள். அதன் பிறகு வீட்டில் யாராவது ஒருவர் ‘வயசானா அப்படித்தான்’ என்று முடித்துவிடுவார். வயதாவதால் மட்டும் யாருக்கும் இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போகாது. போனால் அது நோய்.

வயதானவர்களிடம் பேசி மாற்ற முடியாது என்ற எண்ணம் மருத்துவத்துக்குள்ளேயே வெகுகாலம் இருந்தது. ஐம்பது வயதை நெருங்கியவர்களின் மனதில் இளக்கம் குறைந்துவிடும், அவர்களுக்கு உளப்பகுப்பாய்வு ஒத்துவராது என்று அந்தப் பேச்சுவழி முறையைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்டே 1904இல் வியன்னா மருத்துவர்களிடையே பேசினார். அவருடைய சீடர் கார்ல் ஆபிரகாம் 1919இல் இதை மறுத்தார். நோயாளிக்கு என்ன வயது என்பதைவிட நோய் எந்த வயதில் தொடங்கியது என்பதுதான் முக்கியம் என்றார். பிற்காலத்தில் வந்த ஆய்வுகள் ஆபிரகாமின் பக்கம்தான் நிற்கின்றன. ஆனாலும் பல மருத்துவமனைகளில் முதியவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது.

சிகிச்சைக்கு முன்னால் சில பரிசோதனைகள் கட்டாயம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு மூன்றும் மனச்சோர்வு போலவே இருக்கும். சர்க்கரைக்குப் பல வருடம் மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். ஸ்டீராய்டு மாத்திரைகளும் மனநிலையைக் குலைக்கும். அடுத்து காது. சரியாகக் கேட்காததால் பேச்சைக் குறைத்துக்கொண்டவரை ‘ஒதுங்கிப்போறார்’ என்று நினைத்துவிடுகிறோம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தாலே சிலரிடம் பாதி மாற்றம் தெரியும். இன்னொரு எச்சரிக்கை: நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல், சம்பந்தமில்லாமல் பேசினால் அது மனச்சோர்வும் அல்ல, மறதி நோயும் அல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று உடனடிக் காரணம் இருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மனச்சோர்வின் அளவை அறிய ‘ஜிடிஎஸ்-15’ என்ற வினாத்தாள் இருக்கிறது. பதினைந்து கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். முதியோருக்கென்றே தயாரிக்கப்பட்டது. தூக்கம், பசி, உடல்வலி பற்றிய கேள்விகள் இதில் கிடையாது. வேறு நோய்களாலேயே முதியோருக்கு அவை இருக்கும் என்பதால் விட்டுவிட்டார்கள். சோர்வைக் காட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண்; ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின் மாதம் ஒருமுறை இதே தாளை மறுபடி கேட்டால் எண் குறைகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, பேச்சுவழிச் சிகிச்சையில் என்ன நடக்கிறது? ஆறுதல் சொல்வதும் அறிவுரை சொல்வதும் அல்ல. ‘பேரப்பிள்ளைகளோட சந்தோஷமா இருங்க, கோயில் குளம்னு போய்ட்டு வாங்க’ என்று சொல்ல உளவியலாளர் தேவையில்லை. எதனால் போக முடியவில்லை என்று துருவிப் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஓர் உதாரணம். 68 வயது அம்மா, கணவர் இறந்து ஒன்றரை வருடம். ‘எனக்கு யாருமே இல்ல’ என்கிறார். அந்த வாக்கியத்தோடு வாதம் செய்யக் கூடாது. மகன் இருக்கிறாரே, மருமகள் இருக்கிறாரே என்று பட்டியல் போடக் கூடாது. ‘எந்த நேரத்துல அப்படி ரொம்பத் தோணுதும்மா?’ என்று கேட்க வேண்டும். ‘சாயங்காலம் விளக்கு வச்சப்புறம்.’ இப்போது பிரச்சினைக்கு ஒரு வடிவம் கிடைத்துவிட்டது: மாலை ஆறிலிருந்து எட்டு வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் என்னென்ன செய்யலாம் என்று நல்லது கெட்டது பார்க்காமல் ஐந்தாறு யோசனைகளை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். கும்பகோணத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் பேசுவது, பூ கட்டுவது, தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. கோயில் பிடித்திருக்கிறது என்றால் தடை என்ன? இருட்டில் ரோட்டைத் தாண்ட பயம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஆகவே பொழுது சாய்வதற்கு முன் ஐந்தரைக்குக் கிளம்புவது, எதிர்வீட்டு அக்காவோடு போவது, மண்டபத் திண்ணையில் உட்கார்வது, செவ்வாய் வெள்ளி மட்டும். இதைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போனார், செவ்வாய்க்கிழமை போகவில்லை என்றால் குறை சொல்லாமல் செவ்வாயன்று என்ன இடைஞ்சல் என்று கேட்க வேண்டும். முழங்கால் வலி அன்று கூடுதலா, அக்கா ஊரில் இல்லையா? திட்டத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். பிரச்சினைத் தீர்வுச் சிகிச்சை என்பது இவ்வளவுதான்: பிரச்சினையைச் சிறிதாக்கி வரையறுப்பது, குறிக்கோள் வைப்பது, யோசனைகள் திரட்டுவது, ஒன்றைத் தேர்வது, செய்து பார்ப்பது, விளைவைத் திருப்பிப் பார்ப்பது. இதை நாலைந்து பிரச்சினைகளுக்குச் செய்தபின் அவரே தனியாகச் செய்யப் பழகிவிடுகிறார்.

இதோடு சேர்ந்ததுதான் செயல் தூண்டல். மனசு நன்றாக ஆனதும் எழுந்து வேலை செய்யலாம் என்று நோயாளி காத்திருப்பார். அந்த நாள் வராது. சிறு வேலையை முதலில் செய்தால் மனசு அதன் பின்னால் வரும். காலையில் பத்து நிமிடம் வாசலில் வெயிலில் உட்கார்வது, ஒரு கீரைக் கட்டை ஆய்ந்து கொடுப்பது போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்தபின் மனநிலை எப்படி என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஒரு டப்பாவில் புளியங்கொட்டை போட்டு எண்ணலாம். இதில் அடிக்கடி நேரும் தவறு முதல் வாரத்திலேயே அரை மணி நேர நடை, யோகா, தியானம் என்று அடுக்குவது. இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிடுவார். ‘என்னால எதுவுமே முடியல’ என்ற எண்ணம் இன்னும் பலப்படும்.

தூக்கத்துக்குத் தனியாக ஒரு முறை உண்டு. முதியோர் பலர் எட்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார்கள். பத்து மணி நேரம் படுக்கையில், தூக்கம் ஐந்தரை மணி நேரம். மீதி நேரம் முழுக்கக் கவலை. இவர்களைப் பதினோரு மணிக்குத்தான் படுக்கச் சொல்வோம். எழுவது தினமும் ஐந்து மணிக்கு, இரவு எப்படிப் போனாலும் சரி. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்தால் வாரம் 15 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். எவருக்கும் படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. தூக்கம் வராமல் இருபது நிமிடம் புரண்டால் எழுந்து நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்கு வழியில் விடிவிளக்கு எரிய வேண்டும், தரைவிரிப்பும் ஒயரும் காலில் தட்டக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கத்துக்குப் போட்ட திட்டம் இடுப்பெலும்பு முறிவில் முடியும். பகல் தூக்கம் அரை மணி, மூன்று மணிக்கு முன். காபி மதியத்தோடு சரி. வலிப்பு நோயோ, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ உள்ளவர்களுக்கு இந்த முறை வேண்டாம்.

பணி ஓய்வு, துணையை இழப்பது, சொந்த ஊரை விட்டு மகன் வீட்டுக்குக் குடிவருவது போன்ற மாற்றங்களுக்கு உறவுநிலைச் சிகிச்சை பொருத்தமானது. இழந்தது எது, மிச்சம் இருப்பது எது, புதிய இடத்தில் யாரோடு எந்த உறவைத் தொடங்கலாம் என்று பார்க்கிறார்கள். துக்கத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் ஒரு வருடம் தாண்டியும் இறந்தவரின் நினைவைத் தவிர அன்றாடம் எதுவும் ஓடவில்லை என்றால் சிகிச்சை தேவை.

பழைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கவைக்கும் முறையை அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். பிள்ளைப்பருவம், படிப்பு, வேலை, கல்யாணம், பட்ட கஷ்டம் என்று ஆறேழு வாரம் வரிசையாகப் பேச வைப்பார்கள். கல்யாண ஆல்பம், பழைய ரேஷன் கார்டு, சர்வீஸ் புத்தகம் எல்லாம் உதவும். இதில் ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். கடுமையான சோர்வில் இருப்பவரிடம் முதல் நாளே பழசைக் கிளறினால் செய்த தப்பும் பட்ட அவமானமும் மட்டுமே நினைவுக்கு வரும்; போகும்போது வந்ததைவிட மோசமாகப் போவார். முதலில் செயல் தூண்டலால் கொஞ்சம் நிமிர்ந்த பிறகுதான் இதை எடுக்க வேண்டும்.

இளையவர்களுக்குச் செய்வதை அப்படியே முதியோரிடம் செய்தால் எடுபடாது. அமர்வு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நேரம் காலை பத்தரை வாக்கில், சிற்றுண்டியும் மாத்திரையும் ஆன பிறகு. நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டவருக்கு அடுத்த இரண்டு மணி நேரம் கழிவறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தத் தவிப்போடு உட்கார்ந்திருப்பவர் காதில் எதுவும் ஏறாது. கைப்பிடி உள்ள நாற்காலி. மின்விசிறி சத்தமும் டிவியும் கூடாது. நம் முகத்தில் வெளிச்சம் விழும்படி, நன்றாகக் கேட்கும் காதின் பக்கமாக, மூன்றடி தூரத்தில் அமர்ந்து நிதானமாகப் பேச வேண்டும். கத்தினால் சொல் இன்னும் குழம்பும். ஒரு அமர்வுக்கு ஒரே விஷயம். முடிக்கும்போது அவரையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். பொதுவாக வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வுகள், பிறகு மாதம் ஒன்றாக மூன்று.

மகனோ மகளோ கூடவே உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் தாங்களே பதில் சொல்வது பெரிய இடையூறு. முதல் அரை மணி நேரம் முதியவர் தனியாக இருக்கட்டும். ‘நான் சொன்னதை மருமககிட்ட சொல்லிடாதீங்க’ என்ற பயம் போனால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் குடும்பத்திடம் பேசுவோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அவர் சம்மதத்தோடு குடும்பத்தினரை அழைத்து, இந்த வாரம் அவர்கள் செய்ய வேண்டிய ஒரே ஒரு உதவியைச் சொல்லலாம். சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று அமர்வோடு நிற்பதற்குக் காரணம் முதியவரின் மனமின்மை அல்ல. அழைத்து வர ஆள் இல்லை, மகனுக்கு லீவு இல்லை. பாதி அமர்வுகளைத் தொலைபேசியில் நடத்தினால் இது குறையும், காது கேட்கிறவர்களுக்கு.

பேச்சு மட்டும் போதாத கட்டமும் உண்டு. சாப்பாட்டையே நிறுத்திவிட்டவர், குடல் அழுகிவிட்டது, சொத்தெல்லாம் போய்விட்டது என்று இல்லாததை நம்புகிறவர், சாக வேண்டும் என்கிறவர் ஆகியோருக்கு மனநல மருத்துவரும் மருந்தும் உடனே வேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதியோருக்கு இன்னும் சற்று அதிகம். தொடங்கிய முதல் மாதத்தில் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். குறைந்தால் தலைசுற்றி விழுவார், குழம்புவார். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை வருடக்கணக்கில் தொடர்வதால் மறதியும் கீழே விழுவதும் கூடுகின்றன. அதற்காக நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

‘நான் எதுக்கு இன்னும் இருக்கேன்’ என்று ஒரு பெரியவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். ‘உயிரை விடணும்னு தோணுதாப்பா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆசுவாசம்தான் வரும். பூச்சிமருந்தை வீட்டை விட்டே அகற்றுங்கள். மாத்திரைகளை மொத்தமாக வைக்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். தனியே விடாதீர்கள்.

அடியும் பட்டினியும் வசவும் இருக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது சிகிச்சையே அல்ல. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். முதியோருக்கான உதவி எண்ணான ‘எல்டர்லைன்’ 14567இலும் வழி கேட்கலாம்.

இனி எங்கள் கோரிக்கை. கோவாவில் 60 வயது கடந்த, மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் உள்ள 181 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே மேலே சொன்ன பிரச்சினைத் தீர்வு முறையையும் தூக்க முறையையும் கற்றுக்கொடுத்தார்கள். அரசு உதவிகளைப் பெறவும் துணை நின்றார்கள். ஒரு வருட முடிவில் இந்த உதவி கிடைத்த 91 பேரில் 4 பேருக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 90 பேரில் 13 பேருக்கும் தீவிர மனச்சோர்வு வந்திருந்தது. 2019இல் வெளியான முடிவு இது. கோவாவில் முடிந்தது இங்கும் முடியும்.

ஏனென்றால் நம்மிடம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். முதியோரின் வாசலுக்கு இவர்களைப் போலத் தவறாமல் போகிறவர்கள் வேறு யாரும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்தோ நம்பிக்கை இழந்தோ இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டி மூன்றோ அதற்கு மேலோ வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜிடிஎஸ்-15, ரத்தப் பரிசோதனை, மருத்துவர். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் வீட்டுக்கே போய் ஆறு அமர்வுகள். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் வாரம் ஒருமுறை அந்த ஆலோசகர்களை உட்காரவைத்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்க வேண்டும். இந்த மேற்பார்வையை விட்டால் மூன்றே மாதத்தில் சிகிச்சை அறிவுரையாகத் தேய்ந்துவிடும்.

கேள்வி கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லை என்றால் அது முதியவருக்குச் செய்யும் கொடுமை. ஆகவே மாநிலம் முழுக்க ஒரே நாளில் அறிவிக்க வேண்டாம். மனநல மருத்துவரும் உளவியலாளரும் ஏற்கெனவே உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியைச் சுற்றி இரண்டு வட்டாரங்களில் ஒரு வருடம் நடத்தி, எத்தனை பேர் ஆறு அமர்வையும் முடித்தார்கள், மதிப்பெண் எவ்வளவு குறைந்தது என்று வெளியிடட்டும். சென்னை கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை ஆலோசகர் பயிற்சிக்கு நல்ல இடம்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை இலவசம். தனியாரிடம் போனால் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அரசின் மனநல உதவி எண்ணான ‘டெலி-மானஸ்’ 14416இல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இந்த எண்ணையும் 14567ஐயும் முதியோர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் வாரம் ஒருமுறையாவது தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முதியோர் மனநலப் பணியில் உள்ள உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.